பைக் ஓட்டுபவருக்கான கழற்றி மாட்டும் பேக்ரெஸ்ட்: வாங்கும் முன் முதுகை அளந்துவிடுங்கள்

பேக்ரெஸ்ட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பின்னால் உட்காருபவர் சாய்ந்துகொள்ளும் கம்பிதான். நான் சொல்லப்போவது ஓட்டுபவரின் முதுகுக்கு உள்ளது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு தண்டின் மேல் நிற்கும் சின்ன மெத்தை. வேண்டும்போது செருகலாம், வேண்டாதபோது உருவி எடுத்துவிடலாம். பதினோரு வருடமாக இதை வைத்து ஓட்டுகிறேன், இப்போது இருப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் மெத்தையின் தையலையும் பளபளப்பையும் பார்த்து வாங்கினேன். மூன்றாவதை வாங்கும் முன் என் முதுகை அளந்தேன். அது மட்டும்தான் இன்றும் வண்டியில் இருக்கிறது.

முதலில் உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா என்று பாருங்கள். க்ரூஸர், டூரிங் வண்டிகளில் கால் முன்னால் நீண்டிருக்கும். கால் நீளும்போது தொடையின் பின்தசை இழுபட்டு இடுப்பைப் பின்பக்கம் சாய்க்கும். கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிவிடும். மேட்டிலும் பள்ளத்திலும் காலை ஊன்றி எழும்பவும் முடியாது, குலுக்கல் நேராக முதுகெலும்புக்குப் போகும். இந்த மாதிரி உட்காருபவருக்கு பேக்ரெஸ்ட் உண்மையிலேயே உதவும். முன்னால் குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கில் முதுகு அதைத் தொடவே தொடாது. கரடுமுரடான பாதையில் அடிக்கடி எழுந்து நின்று ஓட்டுபவருக்கு அது இடைஞ்சல். கால் மரத்துப்போவது, வலி காலுக்கு இறங்குவது போன்ற தொந்தரவு இருந்தால் மெத்தை தேடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

இனி அளவு. இதில்தான் கூடுதல் நேரம் செலவழிக்க வேண்டும். வண்டியில் ஏறி உட்கார்ந்த உடனே அளக்காதீர்கள். அப்போது எல்லோரும் நிமிர்ந்துதான் உட்காருவோம். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, இறங்காமல், ஜாக்கெட்டும் கையுறையும் போட்டபடியே, உடம்பு தானாகத் தளர்ந்து உட்கார்ந்திருக்கும் நிலையில் அளக்க வேண்டும். கூட ஒருவர் வேண்டும். என் மனைவி தையல் டேப்பால் அளந்தார். சீட்டின் மேற்பரப்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை ஓர் அளவு. கையை இடுப்பில் வைத்தால் தட்டுப்படுமே, அந்த எலும்பு. கீழ்முதுகில் உள்ள 5 முள்ளெலும்புகளில் நான்காவது ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. மெத்தையின் நடுப்பகுதி அங்கேயோ இரண்டு விரல் மேலேயோ வந்து தாங்க வேண்டும். அதைவிட மேலே போனால் விலாவைத் தள்ளும், கீழ்முதுகு இன்னும் கூனும். என் முதல் பேக்ரெஸ்ட் அப்படித்தான் இருந்தது. சாயச் சாய வலி கூடியது. சீட்டைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன்.

அடுத்த அளவு முன்பின் தூரம். இதற்கு ஒரு துண்டு போதும். குளியல் துண்டை இறுக்கிச் சுருட்டி, மெத்தை வரவேண்டிய உயரத்தில் பெல்ட்டால் இடுப்போடு கட்டிக்கொள்ளுங்கள். பின்சீட்டில் ஒரு பையை வைத்து, அசையாதபடி வண்டியோடு இறுகக் கட்டுங்கள். துண்டு அந்தப் பையில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் தோள் இழுபடக் கூடாது, முழங்கால் டேங்கில் நெருக்கக் கூடாது. துண்டைத் தடிப்பாகவும் மெல்லிசாகவும் சுருட்டிப் பார்த்து, சரியாக வரும் இடத்தில் சீட்டின் முன்முனையிலிருந்து தூரத்தை அளந்து எழுதிவையுங்கள். நிறுத்திய வண்டியில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது. ஜாக்கெட்டில் முதுகுக் கவசம் இருந்தால் அதோடுதான் அளக்க வேண்டும். அதன் தடிமன் கணக்கையே மாற்றிவிடும்.

இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் தேர்வு பாதி முடிந்தது. உயரம், முன்பின் தூரம், சாய்கோணம் மூன்றையும் மாற்றக்கூடியதையே வாங்குங்கள். உங்கள் எண்கள் அதன் எல்லைக்கு நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் குளிருக்கு உள்ளே ஓர் உடுப்பு கூடப் போடும்போதே போதாமல் போகும்.

மெத்தையைவிட எனக்கு முக்கியம் அதைத் தாங்கும் பிராக்கெட். கணக்கு போட்டுப் பாருங்கள்: பிராக்கெட்டுக்கு 30 செ.மீ. மேலே 10 கிலோ விசையோடு சாய்ந்தால் அடியில் சுமார் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழுகிறது. குலுங்கும் சாலையில் அது விட்டு விட்டு, ஆயிரக்கணக்கான தடவை விழும். அதனால் பிராக்கெட் எதைப் பிடித்து நிற்கிறது என்று கேளுங்கள். வண்டியின் சட்டத்தில் போல்ட் போட்டு நிற்பது நல்லது. மஸ்டாங், கார்பின் போன்ற சீட் தயாரிப்பாளர்கள் பேக்ரெஸ்ட் செருகும் துளையோடே சீட் தருகிறார்கள். சீட்டையும் மாற்றும் எண்ணம் இருந்தால் அது சுத்தமான வழி. சீட்டின் பிளாஸ்டிக் அடித்தட்டை மட்டும் நம்பி நிற்பதை, சீட் செய்தவர்களே அதற்கென்று வடிவமைத்திருந்தால் தவிர, நான் வாங்க மாட்டேன். வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல் தயாரிப்பு வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள். அதே பெயரில் வரும் வண்டியிலேயே சீட்டின் அடிப்பக்கம் மாறியிருக்கும்.

சீட்டுக்கு அடியில் ஓடும் வயரிங்கை மறந்துவிடாதீர்கள். என் இரண்டாவது பேக்ரெஸ்ட்டின் பிராக்கெட் விளிம்பு, பின்விளக்குக்குப் போகும் வயர் மேல் உட்கார்ந்திருந்தது. மாட்டியவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. சில மாதம் கழித்து மழையில் பிரேக் லைட் எரியாமல் போனது. பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சீட்டைத் தூக்கினால், வயரின் கறுப்பு உறை நகத்தால் கீறியது போல் பிளந்து, உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. இப்போது பிராக்கெட்டை வைத்ததும் போல்ட் போடும் முன் அடியில் விரல் விட்டு முழுக்கத் தடவிப் பார்க்கிறேன். வயர் நகர இடம் வேண்டும், சீட் பழையபடி தானாகப் படிய வேண்டும். அழுத்திப் பிடித்தால்தான் சீட் பூட்டுகிறது என்றால் உள்ளே ஏதோ நசுங்குகிறது.

கழற்றும் முறையைக் கையுறையோடு சோதியுங்கள். பொத்தானை அமுக்கி உருவுவதும் இருக்கிறது, குமிழைத் திருகுவதும் இருக்கிறது. எதுவானாலும் மாட்டிய பிறகு மெத்தையின் மேல் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே கடகடவென்றால் தேயத் தேய மோசமாகும். முன்பக்கம் மடங்குவதாகவும் இருந்தால் நல்லது, பின்னால் ஏறுபவருக்குக் கால் போட வசதி. பின்னால் வழக்கமாக உட்காருபவரையும் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பாருங்கள். அவருடைய இடத்தில் சில அங்குலத்தை இது எடுத்துக்கொள்ளும். மெத்தையின் பின்பக்கத்தில் கூரான போல்ட் முனை தெரிந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். பிரேக் போட்டதும் அவர் மார்பு வந்து மோதும் இடம் அது.

மெத்தையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கட்டைவிரலால் அழுத்தும்போது அடித்தகடு தட்டுப்படக் கூடாது. நடுவில் லேசான குழிவு இருந்தால் முதுகெலும்பின் முடிச்சுகள் அழுந்தாது. தையல் மேல் விளிம்பில் இருந்தால் மழைநீர் உள்ளே இறங்கும்.

மாட்டும்போது போல்ட்டுக்கு நடுத்தர வலுவுள்ள திரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும், பெரும்பாலும் நீல நிறத்தில் வரும். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டித்தான் கழற்ற வேண்டியிருக்கும். சில பிளாஸ்டிக்குகளை இந்தப் பசை வெடிக்க வைக்கும், சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். இறுக்கும் அளவு கையேட்டில் இருக்கும். முதல் நாள் ஓட்டிய பிறகும், ஒரு வாரம் கழித்தும் போல்ட்டுகளைச் சரிபாருங்கள்.

ஏறி இறங்குவதைப் புதிதாகப் பழக வேண்டும். காலை வழக்கத்தைவிட உயரத் தூக்கிப் போட வேண்டும், ஜாக்கெட்டின் வால் தண்டில் மாட்டிக்கொள்ளும். வண்டி சாயாமல் இருக்க ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொள்கிறேன். நெரிசலிலும், மெதுவாக வளைத்துத் திருப்பும் இடத்திலும், சரளைப் பாதையிலும் உடம்பு தாராளமாக நகர வேண்டும்; அங்கே போகும் முன் ஓரம் கட்டி, பொத்தானை அமுக்கி உருவி, துணியில் சுற்றிப் பக்கப் பையில் வைத்துவிடுகிறேன். துளைக்குள் தண்ணீரும் மண்ணும் போகாமல் ஒரு ரப்பர் மூடி.