தீபாவளி விருந்துகளுக்குப் பிறகு: கடையில் சாப்பிட்டே உடம்பைச் சீராக்குவது எப்படி?

தீபாவளியையொட்டி வீடு வீடாகப் போய் பிரியாணி, அதிரசம், முறுக்கு என்று வெளுத்துக்கட்டியாயிற்று. இப்போது பழைய கால்சட்டை இறுக்குகிறது. இந்த நேரத்தில் "வெளியில் சாப்பிடாதே" என்று யாராவது சொன்னால், சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறவருக்கு அது ஆகிற காரியமில்லை. மதியச் சாப்பாடு எப்படியும் கடையில்தான். கடைச் சாப்பாட்டை விடாமலேயே நான் பழக்கத்தை மாற்றிக்கொண்ட முறை இது. பட்டினி தேவையில்லை. எதைக் கேட்கிறோம், எப்போது கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படி 1: முதலில் பானத்தை மாற்றுங்கள்

சாப்பாட்டில் கை வைக்கும் முன் இதைச் செய்யுங்கள். கோப்பிக்கடையில் வெறுமனே 'தே' (தேநீர்) என்றால் இனிப்புக் கெட்டிப்பால் சேர்த்துத் தருவார்கள். நுரை வர ஆற்றித் தரும் தே தாரேக்கும் அப்படித்தான். இனிப்பு பாலிலேயே இருப்பதால், அங்கே "சீனி வேண்டாம்" என்று சொல்வது பெரிதாக உதவாது. இனிப்பில்லாத பால் வேண்டுமென்றால் 'தே-சி கோசோங்', பாலே வேண்டாமென்றால் 'தே-ஓ கோசோங்' என்று கேளுங்கள்; 'கோசோங்' என்றால் சீனி இல்லாமல். கோசோங் எடுத்தவுடன் நாக்குக்குப் பிடிக்காவிட்டால் சில வாரம் 'சியூ டாய்' (இனிப்புக் குறைவாக) குடித்துவிட்டு மாறுங்கள். என்னுடைய தேர்வு தே-ஓ ஹாலியா கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத இஞ்சித் தேநீர். இஞ்சிக் காரம் இருப்பதால் இனிப்பில்லாத குறை தெரிவதில்லை.

பாட்டில், டின் பானங்களில் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள்; இது பானங்களுக்கு 'ஏ' முதல் 'டி' வரை தரப்படும் தரக்குறியீடு, 'டி' கடைசித் தரம். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி'. 2023 டிசம்பர் 30 முதல் கடையிலேயே தயாரிக்கும் பானங்களுக்கும் இந்த முறை வந்துவிட்டது. பபிள் டீ வாங்கும்போது பட்டியலை ஒரு தரம் நின்று பாருங்கள்.

படி 2: கடையைத் தேர்ந்தெடுப்பது

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். யோங் தாவ் ஃபூ (காய், சோயாக் கட்டி, மீன் உருண்டை என்று நாமே பொறுக்கிச் சூப்பில் வாங்குவது), பொரிக்காத மீன் சூப், தோசை, எகானமி ரைஸ் (சோற்றோடு நாம் காட்டும் கறிகளை வைத்துத் தருவது), எல்லாமே சரிதான். சிக்கன் ரைஸ் கடையில் வேகவைத்த கோழியைத் தோலில்லாமல் கேளுங்கள். சோறு கோழிக் கொழுப்பில் தாளித்தது, அதனால் வெள்ளைச் சோறு இருக்கிறதா என்றும் கேளுங்கள். புராட்டாவும் தோசையும் ஒரே கடையில் இருந்தால் தோசை. புராட்டா மாவைப் பிசைவதும் வீசுவதும் சுடுவதும் எல்லாமே கொழுப்போடுதான்.

படி 3: குழம்பு

நான் நெடுநாள் சிக்கிக்கொண்டிருந்த இடம் இதுதான். சோற்றைக் குறைத்தேன், காய் சேர்த்தேன், பொரித்ததைத் தொடவில்லை. ஆனாலும் மத்தியானம் முழுக்கத் தாகம், மந்தம். காரணம் தட்டில் ஊற்றிய குழம்பு. கடைக் குழம்பில் எண்ணெய், தேங்காய்ப்பால், உப்பு மூன்றும் சேர்ந்திருக்கும், சோறு அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. குழம்பில் குளித்த சோற்றைத் தினமும் சாப்பிட்டால் அந்த அளவுக்குள் நிற்பது கஷ்டம்.

எகானமி ரைஸ், நாசி பாடாங் (இந்தோனேசிய வகைச் சோறும் கறிகளும்) கடைகளில் கரண்டி மிக வேகமாக வரும். நீங்கள் காயைக் காட்டி முடிப்பதற்குள் மேலே குழம்பு விழுந்துவிடும். அதனால் சோறு போடும் முன்பே, முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்: "ஆன்ட்டி, குழம்பு வேண்டாம், சோறு பாதி." லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் நம் கடைகளில் "அண்ணே, குழம்பு தனியா கொடுங்க" என்றால் சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். அதைத் தொட்டுக்கொள்ளுங்கள், ஊற்றாதீர்கள். யோங் தாவ் ஃபூவில் பொரித்ததைத் தவிர்த்து, சூப்பைக் கிண்ணத்திலேயே மிச்சம் வையுங்கள். உப்பு பெரும்பாலும் அதில்தான் தங்குகிறது.

படி 4: தட்டின் அளவு

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'என் ஆரோக்கியத் தட்டு' எனக்குப் பிடித்த வழிகாட்டி: பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு மீன், கோழி, தாவ்ஹூ (சோயாக் கட்டி) போன்றவை. கடையில் இதற்கு ஒரே வழி, இரண்டு காய், ஒரு புரதம், பாதிச் சோறு. கூடவே காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போங்கள். அந்த வரிசையில் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறாது.

வாழையிலைச் சாப்பாட்டுக்கும் இதே வரிசைதான். ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போனால் மீன் தலைக் கறியை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பலபேர் பகிர்ந்து சாப்பிடுங்கள். மீனைத் தாராளமாக எடுத்துக்கொண்டு குழம்பைச் சட்டியிலேயே விடுங்கள். சோற்று வாளி இரண்டாவது முறை வரும்போது இலைமேல் கையை வைத்துவிடுங்கள்.

கலோரி கணக்கு வேண்டுமா? அந்தச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) கடைக்குக் கடை எண்ணெயில் மாறும்போது எண்ணுக்கு என்ன பொருள்? சாப்பிடும் முன் தட்டைக் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். வார இறுதியில் வரிசையாகப் பார்த்தால், பச்சை நிறம் எந்த நாளில் காணாமல் போனது என்று பளிச்சென்று தெரியும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் நீரிழிவு மருந்து எடுப்பவர்கள். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பாலிகிளினிக்கில் மருத்துவரிடம் பேசிவிட்டு மட்டுமே படி 4-ஐத் தொடங்குங்கள். பானத்தை இன்றே மாற்றலாமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் கேட்டது: சைவ பீஹூன் (அரிசி சேமியா) கடையில் இருக்கும் போலி இறைச்சி கோதுமைப் புரதத்திலோ சோயாவிலோ செய்தது. புரதம் உண்டு, ஆனால் பெரும்பாலும் பொரித்து, உப்பு ஏற்றி வைத்திருப்பார்கள். அதற்குப் பதில் பொரிக்காத தாவ்குவாவும் (கெட்டியான தாவ்ஹூ) ஒரு கீரையும் கேளுங்கள். இங்கேயும் "குழம்பு வேண்டாம்" என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.