வேலையிடத்தில் அரை நாள்: பிள்ளையைத் தயார்படுத்தும் முறை

"என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால் பிள்ளைகள் தெரிந்த நாலைந்து வேலைகளையே சொல்வார்கள். "எதைச் செய்யும்போது நேரம் போவதே தெரிவதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலோடு ஒட்டிய வேலை செய்பவர் ஒருவரிடம் பிள்ளை அரை நாள் உடனிருந்து பார்க்க அனுமதி வாங்குங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் அனுப்பினால் வேலை நின்று பேச்சுதான் நடக்கும்.

முந்தைய நாளே அவரிடம் கேட்க ஐந்து கேள்விகளைப் பிள்ளையை எழுத வையுங்கள். "வேலை பிடித்திருக்கிறதா?" என்பது வீண், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்? எதில் அலுப்பு? பள்ளியில் படித்தது எங்கே கைகொடுக்கிறது?" இவற்றுக்குத்தான் உருப்படியான பதில் வரும். சம்பளத்தைக் கேட்கலாம், புதிதாகச் சேர்பவருக்கு எவ்வளவு என்று பொதுவாக.

அன்று இரவே குறிப்பெழுதட்டும். பிடிக்கவில்லை என்றால் வேலையா, இடமா, அந்த மனிதரா என்று பிரித்துக் கேளுங்கள். இடம்தான் காரணமென்றால் அதே வேலையை வேறிடத்தில் இன்னொரு முறை பார்க்கட்டும்.