புடாபெஸ்டில் இரண்டு இரவு: பழைய முற்றங்களும் புதிய பார்களும்

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குப் போகிறவர்கள் பகலுக்குக் கட்டடம், இரவுக்கு பார் என்று திட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். இந்த ஊரில் அப்படிப் பிரிக்கத் தேவையே இல்லை. இங்கே பேர்பெற்ற 'ரூயின் பார்'கள் நூறு வருஷத்துக்கும் மேலான பழைய கட்டடங்களின் முற்றங்களில்தான் நடக்கின்றன. பாருக்குள் நுழைந்தாலே பாதிச் சுற்றுலா முடிந்த மாதிரி. முதல்முறை போகிறவர்களுக்கான வரிசை இது.

படி 1: கிழமை பார்த்து டிக்கெட் போடுங்கள்

வெள்ளி மதியம் இறங்கி ஞாயிறு மாலை கிளம்புவது நல்லது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள் என்பதால் டொஹான் தெருவின் பெரிய யூத ஆலயம் மூடியிருக்கும். அதை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். செலவுக்கு யூரோ அல்ல, ஃபொரிண்ட். கார்டு மெஷின் எந்த நாணயத்தில் பணம் எடுக்கட்டும் என்று கேட்டால் ஃபொரிண்டையே அமுக்குங்கள். உங்கள் ஊர்ப் பணத்தை அமுக்கினால், மாற்று விகிதத்தில் கணிசமாகக் கை வைத்துவிடுவார்கள்.

படி 2: ரூம்

பார்கள் நிறைந்த ஏழாம் வட்டாரத்துக்கு நடுவில் எடுக்காதீர்கள், தூக்கம் போய்விடும். புனித ஸ்டீபன் பசிலிக்காவைச் சுற்றி எடுத்தால் எல்லாமே நடை தூரம்.

படி 3: வெள்ளி மாலை, வெளிச்சம் இருக்கும்போதே பாருக்குப் போங்கள்

இந்தப் பயணத்தின் உயிர்நாடி இதுதான். 1873இல் பூடா, ஓபூடா, பெஷ்ட் மூன்றும் ஒரே நகரமாக இணைந்தபின் பெஷ்ட் பக்கம் மளமளவென்று அடுக்கு வீடுகள் எழுந்தன. தெருவைப் பார்த்த முகப்பில் சிற்பமும் சுதையுமாக ஆடம்பரம். உள்ளே ஒரு முற்றம். ஒவ்வொரு மாடியிலும் முற்றத்தைச் சுற்றி இரும்புக் கம்பி போட்ட திறந்த நடை ஓடும். வீட்டுக் கதவுகள் எல்லாம் அந்த நடையில்தான் திறக்கும்.

யூதர்கள் வாழ்ந்த இந்த ஏழாம் வட்டாரத்தில்தான், இரண்டாம் உலகப் போரின்போது, 1944 குளிர்காலத்தில் நாஜி ஆதரவாளர்கள் அவர்களை அடைத்துவைத்தார்கள். போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, கட்டடங்கள் பல இடிப்புக்குக் காத்திருந்தன. அந்த நேரத்தில்தான் இளைஞர்கள் சிலர் குறைந்த வாடகைக்கு எடுத்து, வீசியெறிந்த நாற்காலிகளையும் விளக்குகளையும் பொறுக்கிவந்து பார் நடத்தத் தொடங்கினார்கள். 2002இல் ஆரம்பித்த சிம்ப்ளா கெர்ட், 2004இல் கஸின்ஸி தெரு 14ஆம் எண்ணுக்கு மாறியது. அது முன்பு அடுப்புத் தொழிற்சாலை இருந்த இடம்.

அங்கே கூட்டம் சேரும் முன்பே போய்விடுங்கள். உதிர்ந்த சுவர்ப்பூச்சுக்கு அடியில் செங்கல் தெரிவதையும், மேலே ஓடும் நடையையும், இருக்கையாக மாற்றிய பழைய டிராபன்ட் காரையும் அப்போதுதான் பார்க்க முடியும். இரவு ஏறினால் மனித முதுகுகள் மட்டும்தான் தெரியும்.

பிறகு கிராய் தெருவிலிருந்து டோப் தெரு வரை முற்றங்களைக் கோத்துக் கட்டிய கோஸ்டு உட்வரில் ஒரு நடை. பளபளவென்று இருக்கும், எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பளபளப்பு.

படி 4: என்ன கேட்பது?

முதலில் ஃப்ரொச். ஒயினில் சோடா கலந்தது, வெயில் காலத்துக்கு இதமானது. கலவைக்குக் கலவை பெயர் மாறும். 1 டெசிலிட்டர் ஒயினும் 1 டெசிலிட்டர் சோடாவும் என்றால் கிஷ்ஃப்ரொச். ஒயின் 2, சோடா 1 என்றால் நாஜ்ஃப்ரொச். ஒயின் 1, சோடா 2 என்றால் ஹொசூலேபேஷ். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடைசியில் சொன்னதைக் கேளுங்கள், இரவு முழுக்கத் தாங்கும்.

பாலிங்கா என்பது பழத்திலிருந்து வடித்த சரக்கு. குறைந்தது 37.5 சதவீத ஆல்கஹால். பிளம், ஆப்ரிகாட் என்று பழத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள், மெதுவாகக் குடியுங்கள். உனிக்கும் என்னும் கசப்பு மூலிகை மதுவை ஒருவர் வாங்கி எல்லாரும் ருசி பார்த்தால் போதும். குடிக்காதவர்களுக்கு ஸோர்ப் இருக்கிறது: பழச்சாற்றுப் பாகில் சோடா.

படி 5: சனி, ஆற்றங்கரை

2ஆம் எண் டிராமில் ஏறி ஆற்றுப் பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். இம்ரே ஸ்டெய்ண்டல் வடிவமைத்த நாடாளுமன்றத்தின் குவிமாடம் 96 மீட்டர். பசிலிக்காவும் அதே உயரம். மஜார்கள், அதாவது ஹங்கேரியர்கள், இங்கே குடியேறிய 896ஆம் ஆண்டை நினைவுபடுத்தும் எண் அது. நாடாளுமன்றத்தின் உள்ளே போக இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். பிறகு 1849இல் திறந்த சங்கிலிப் பாலத்தை நடந்தே கடந்து, பூடா குன்றின் மேல் மத்தியாஸ் தேவாலயத்தின் வண்ண ஓடுகளைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

படி 6: சனி இரவு, பில்லைப் படியுங்கள்

'செர்விஸ்டீய்' என்று சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்த்திருந்தால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டாம். தெருவில் வலிய வந்து பேசி, "எனக்குத் தெரிந்த பார் ஒன்று இருக்கிறது" என்று கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள். விலைப்பட்டியல் காட்டாத கடையில் உட்காரவே வேண்டாம். வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு ஹங்கேரியில் ஒரு சொட்டுக்கும் அனுமதி இல்லை. அதற்கு அவசியமும் இல்லை, 6ஆம் எண் டிராம் விடிய விடிய ஓடுகிறது. வெளியே வந்ததும் குரலைத் தணித்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாடிகளில் குடும்பங்கள் இருக்கின்றன.

படி 7: ஞாயிறு காலை

வெள்ளிக்கிழமை குடித்த அதே சிம்ப்ளாவுக்குத் திரும்பப் போங்கள். ஞாயிறு காலையில் அது உழவர் சந்தை: பாலாடைக்கட்டி, தேன், ரொட்டி. அங்கிருந்து சில நிமிட நடையில் 1859இல் கட்டி முடித்த டொஹான் ஆலயம். ஐரோப்பாவிலேயே பெரிய யூத ஆலயம் அதுதான். தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும். பின்புறத்தில் இம்ரே வர்கா உலோகத்தில் செய்த அழும் வில்லோ மரத்தின் இலைகளில், அந்தப் போர்க்காலத்தில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

விமான நிலையத்துக்குப் போக, ஆலயத்துக்குப் பக்கத்திலிருக்கும் தெயாக் சதுக்கத்திலிருந்தே 100ஈ பஸ் கிடைக்கும். சாதாரண நகரப் பஸ் டிக்கெட் அதில் செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.