சிலுவைப் போரையும் காவிய முற்றுகையையும் ஒப்பிட்டுப் படிப்பது எப்படி

காவியத்தில் வளைக்கப்பட்ட டிராய், இலங்கை, சிலுவைப் போரில் வளைக்கப்பட்ட ஜெருசலேம் மூன்றையும் வரிசையாக வைத்து "எல்லாம் ஒரே கதைதான்" என்று முடித்துவிடுவது ரொம்பச் சுலபம். அப்படிச் செய்யாதீர்கள், அதில் கைக்கு ஒன்றும் கிடைக்காது.

முதலில் ஒரு மதிலைக் கண்ணால் பாருங்கள். கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, புனித ஜார்ஜ் கோட்டை மதிலோரம் வெயிலில் கொஞ்ச தூரம் நடங்கள். 1758 டிசம்பரில் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை இதை வளைத்தது, 1759 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்ததும் விலகிப் போனது. உள்ளே எத்தனை நாளுக்குச் சோறு, வெளியே யாருக்கு உதவி வரும், இந்த இரண்டு கேள்வியில்தான் எந்த முற்றுகையும் நிற்கிறது.

அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, இடப்பக்கம் உழிஞை, வலப்பக்கம் நொச்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். வளைப்பவனுக்கு உழிஞைப் பூ, உள்ளிருந்து காப்பவனுக்கு நொச்சிப் பூ என்று பழைய போர் இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை பிரித்து வைத்தது, இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கிறது. நொச்சிப் பக்கம் எப்படி நிரம்ப வேண்டும் என்பதற்கு புறநானூறு 44-ஐப் படியுங்கள். ஆவூர்க் கோட்டைக்குள் கதவடைத்துக் கிடக்கும் நெடுங்கிள்ளியிடம் கோவூர்கிழார் பேசுகிறார்: நெய்ச்சோற்று உருண்டை இல்லாமல் யானையின் துதிக்கை தரையில் புரள்கிறது, பால் இல்லாமல் குழந்தை அழுகிறது, பெண்கள் பூ இல்லாத வெறுந்தலையை முடிகிறார்கள், அறம் என்றால் வளைத்து நிற்கும் நலங்கிள்ளிக்கே விட்டுக் கதவைத் திற, மறம் என்றால் போரிடத் திற.

இந்தக் கண்ணோடு அந்தியோக்கியாவுக்கு வாருங்கள். ஜெருசலேமைப் பிடிக்க ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய கிறித்தவச் சிலுவைப் படை 1097 அக்டோபரில் வழியில் இந்த ஊரை வளைத்தது. வளைத்தவர்களே பட்டினியில் வாடினார்கள், குதிரைகள் செத்தன. 1098 ஜூன் 3 அன்று ஊர் விழுந்தது. சில நாளிலேயே மொசூல் ஆட்சியாளன் கெர்போகாவின் படை வந்து சுற்றிக்கொள்ள, உழிஞைக்காரர்கள் நொச்சிக்காரர்கள் ஆனார்கள். நோட்டில் பெயர்கள் பக்கம் மாறும் இந்த இடத்தில் நிதானமாக உட்காருங்கள்.

அடுத்து, கதவைத் திறந்தது யார் என்று தேடுங்கள். அந்தியோக்கியாவில் ஒரு கோபுரத்தைக் காத்த ஃபிரூஸ்தான் எதிரிகளை ஏற்றிவிட்டான். இலத்தீன் குறிப்பு அவனை சிலுவைப் படைத் தலைவர்களில் ஒருவனான பொஹிமோந்தின் நண்பனாகக் காட்டுகிறது. அரபு வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் பணத்தையும் நிலத்தையும் சொல்கிறார். வீடணனா கும்பகருணனா என்று பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் கம்பனில் இரண்டு தம்பிகளும் ஒரே காவியத்துக்குள் வாதாடுகிறார்கள்; சிலுவைப் போரில் மறுபக்கத்தின் வாதத்துக்கு நீங்கள் வேறு மொழிக்காரரைத் தேடிப் போக வேண்டும். இலத்தீன் பக்கம் ஒன்று படித்தால் அரபுப் பக்கம் ஒன்று, கட்டாயம்.

எனக்கு மிகவும் பிடித்த படி ஒன்று உண்டு: போருக்கு வந்தவர்களே பழங்கதையை நடித்துப் பார்த்த இடத்தைப் பிடியுங்கள். 1099 ஜூலை 8 அன்று சிலுவைப் படையினர் வெறுங்காலோடு ஜெருசலேம் மதிலைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். எரிகோவின் மதில் ஊர்வலத்துக்கும் எக்காளத்துக்கும் இடிந்து விழுந்த விவிலியக் கதை அவர்கள் மனசில் இருந்தது. ஜெருசலேம் மதில் விழவில்லை. யாப்பா துறைமுகத்துக்கு வந்த ஜெனோவா கப்பல்களைப் பிரித்த மரமும் அந்தக் கப்பல் தச்சர்களும் கைகொடுத்த முற்றுகைக் கோபுரங்களால்தான் ஜூலை 15 அன்று ஊருக்குள் புகுந்தார்கள், புகுந்து ஊராரைக் கொன்று குவித்தார்கள். பக்தி எங்கே, மரம் எங்கே என்று இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை விட்டால் பொய்யாகிவிடும்.

கடைசியாகப் பிணங்களைப் பாருங்கள். டிராய்ப் போரைப் பாடும் கிரேக்கக் காவியமான இலியட்டில் மரக்குதிரை வருவதே இல்லை, டிராய் விழுவதும் இல்லை. டிராய் அரசன் கிழவன் பிரியாம் தன் மகன் ஹெக்டரைக் கொன்றவனின் கையை முத்தமிட்டு உடலைக் கேட்கிறான், அக்கிலிஸ் தருகிறான், எதிரியான ஹெக்டரின் ஈமச்சடங்கோடு காவியம் நிற்கிறது. 1191 ஆகஸ்டில் அக்கா (ஏக்கர்) நகருக்கு வெளியே சிலுவைப் போருக்கு வந்த இங்கிலாந்து அரசன் ரிச்சர்டின் ஆட்கள் சுமார் 2,700 கைதிகளை முஸ்லிம் சுல்தான் சலாவுதீனின் படை பார்க்க வெட்டினார்கள். இந்த இரண்டையும் நோட்டில் எதிரெதிரே எழுதிவிட்டு, கீழே நாலு வரி காலியாக விடுங்கள்.