லைம் நோயுடன் டிஸ்னி வேர்ல்டு: உடம்பைப் படுத்தாமல் சுற்றிவர

நியூ ஜெர்சி, கனெக்டிகட், பென்சில்வேனியா பக்கம், உண்ணிக் கடியால் தொற்றும் லைம் நோய் அதிகம் தலைகாட்டுவது ஜூன், ஜூலை மாதங்களில். கசகசா அளவே இருக்கும் இளம் உண்ணிகள் கடிக்கிற காலம் அது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அதனால் டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவுக்கு டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டு முடித்த பிறகு, லைமின் அடையாளமான சிவப்பு வட்டம் தொடையில் தெரிவது பல வீடுகளில் நடக்கிறது. உடனே பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் போட்ட திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு போகவும் கூடாது.

முதலில், எப்போது போகவே கூடாது என்பதைப் பார்த்துவிடுவோம். ஆண்டிபயாடிக் தொடங்கிய முதல் 24 மணி நேரத்தில் சிலருக்குக் காய்ச்சலும் குளிரும் உடம்புவலியும் கூடும். கிருமிகள் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை அது. ஆகவே சிகிச்சையின் முதல் மூன்று நான்கு நாட்களில் விமானம் ஏற வேண்டாம். நோய் இதயத்தைத் தொட்டிருந்தால், அதாவது படபடப்பு, மயக்கம் வந்திருந்தாலோ இதயத்தின் மின்கடத்தலில் தடை இருப்பதாக ஈசிஜியில் தெரிந்திருந்தாலோ, இதய மருத்துவர் சரி என்று சொல்லும்வரை டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். கடுமையான தலைவலியோடு கழுத்து விறைப்பு இருந்தாலும் இதே பதில்தான். டிஸ்னியில் ஹோட்டலும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜை 30 நாட்களுக்கு முன்பு ரத்து செய்தால்தான் முழுப் பணம் திரும்பும். அறை மட்டும் எடுத்திருந்தால் ஒரு வாரம் முன்புகூட ரத்து செய்யலாம். கோடையில் போகிறவர்கள் அறையையும் டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்குவதே நல்லது.

ஒரு விஷயத்தை உடன் வருகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: லைம் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது.

மாத்திரையும் வெயிலும்

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கொடுப்பது டாக்ஸிசைக்ளின், 100 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஃப்ளோரிடா பயணத்தில் அதிகம் படுத்துவது நோயைவிட இந்த மாத்திரைதான். சாதாரணமாக வெயிலைத் தாங்கும் தோல், இதைச் சாப்பிடும்போது சீக்கிரமே எரியலாம். மாநிறமோ கறுப்போ, நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். முதலில் சிவப்பதும் எரிவதும் புறங்கை, மூக்கு நுனி, காது மடல், செருப்புக்கு வெளியே தெரியும் பாதம். சிலருக்கு விரல் நகம் அடியிலிருந்து பிரிந்து வலிக்கும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் வெயிலில் இருக்கும் யூவிஏ என்ற புறஊதாக் கதிர். அது மேகத்தையும் தாண்டி வரும், பஸ் ஜன்னல் கண்ணாடியையும் ஓரளவு தாண்டும். ஆகவே சன்ஸ்க்ரீன் வாங்கும்போது எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்க்காமல் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ (யூவிஏவையும் தடுக்கும்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்பிஎஃப் 30க்குக் குறையக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், கை கழுவியதும் புறங்கைக்கு மட்டும் இன்னொரு தடவை. கிரீமைவிட நம்பகமானது துணி: யூபிஎஃப் 50 (துணி வெயிலைத் தடுக்கும் அளவு) என்று போட்ட முழுக்கைச் சட்டை, சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி. பேஸ்பால் தொப்பி காதையும் கழுத்தையும் காப்பாற்றாது.

கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்: எனக்கு அமாக்சிசிலின் ஒத்துவருமா? தோலில் வட்டம் மட்டும் வந்த ஆரம்பகட்ட லைமுக்கு அதுவும் பரிந்துரைக்கப்படும் மருந்துதான், வெயிலோடு இந்தத் தகராறு இல்லை. ஆனால் மூன்று வேளை சாப்பிட வேண்டும். எல்லோருக்கும் பொருந்தாது. முடிவு அவர் கையில்.

டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்கள் காலை 8, இரவு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு வேளையில்தான் பலர் தவறுகிறார்கள். வாணவேடிக்கை முடிந்து, பஸ் பிடித்து, ரூமுக்கு வந்து விழும்போது மணி பதினொன்று. ஒரு கேப்சூலைப் போட்டு இரண்டு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார்கள். கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சுக்குள் கத்தி இறங்குவது போல இருக்கும். இரவு உணவோடு, முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், நெஞ்செரிச்சலுக்கான டம்ஸ், பெப்டோ-பிஸ்மால் போன்றவை இந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பாலும் தயிரும் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் கொஞ்சம் குறைக்கும். கட்டிக்கொண்டு போகிற தயிர் சாதத்தை மதியத்துக்கு வைத்துக்கொண்டு, மாத்திரையை இட்லியோடோ எலுமிச்சை சாதத்தோடோ போட்டால் சிக்கல் தீர்ந்தது. ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டைச் சேர்த்துப் போட வேண்டாம்.

தெம்பு எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும்

லைமின் அசதி தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை. ஆண்டிபயாடிக் முடிந்து பல மாதம் ஆகியும் அசதியும் மூட்டுவலியும் ஞாபக மந்தமும் விடாதவர்கள் உண்டு. இவர்களுக்கு அதிகம் நடந்த அன்றைக்கு நன்றாக இருக்கும், மறுநாள்தான் கணக்குத் தீர்க்கும். டிஸ்னி வேர்ல்டில் ஒரு நாளைக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம்.

ஆகவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு வீட்டிலேயே அளந்து பாருங்கள். போன் காட்டும் நடை எண்ணிக்கையைத் தினமும் குறித்து, எந்த எண்ணுக்குப் பிறகு மறுநாள் படுத்துவிடுகிறீர்கள் என்று கவனியுங்கள். 6,000 தாண்டினால் மறுநாள் எழ முடியவில்லை என்றால், பார்க்கில் உங்கள் அளவு 3,000. பாதிதான். மீதி வெயிலுக்கும் இரைச்சலுக்கும் போய்விடும்.

வந்து இறங்கிய அன்று பார்க் வேண்டாம். ஒரு நாள் பார்க், ஒரு நாள் ஓய்வு என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஐந்து நாள் பயணத்துக்கு இரண்டு நாள் டிக்கெட் போதும். பார்க் நாளில் கதவு திறக்கும்போதே உள்ளே இருந்து, பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடுங்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் மற்றவர்களுக்கு அரை மணி முன்பே உள்ளே விடுவார்கள். கோடை மதியம் 33 டிகிரி வெயிலும் இடி மழையும் வழக்கம். அந்த நேரத்தில் திரையை மூடிக் குளிர்ந்த அறையில் படுத்திருப்பவர் எதையும் இழக்கவில்லை. மாலை தெம்பிருந்தால் மறுபடி போகலாம். இல்லாவிட்டால் குடும்பம் போய்வரட்டும். இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டு வந்தால் அங்கே மனக்கசப்பு வராது.

டிஸ்னி வேர்ல்டின் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமுக்கு சொந்தக் கார் வசதி போலத் தோன்றும். ஆனால் நிறுத்துமிடத்திலிருந்து மானோரெயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்கு வர வேண்டும். ஹோட்டல் பஸ் நேராக வாசலருகே இறக்கிவிடும்.

சக்கர நாற்காலி, ஸ்கூட்டர்

நடக்க முடிகிறவர் எதற்கு, நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மின் ஸ்கூட்டரில் உட்கார வேண்டும் என்று கூச்சப்படுகிறார்கள். நடக்க முடிவதால்தான் உட்கார வேண்டும். நாளைக்கும் நடக்க வேண்டுமே. இன்னொரு பார்க்கான எப்காட்டில் உலக நாடுகளின் அரங்குகள் இருக்கும் ஏரியைச் சுற்றி வருவதே ஏறக்குறைய 2 கிலோமீட்டர்.

பார்க் வாசலில் கிடைக்கும் மின் ஸ்கூட்டரை முன்பதிவு செய்ய முடியாது, காலையிலேயே தீர்ந்துவிடும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். வெளி நிறுவனங்கள் நாள் கணக்கில் வாடகைக்குக் கொடுத்து ஹோட்டலிலேயே ஒப்படைக்கும். அதுவே மேல், ஏனென்றால் அறையிலிருந்து பஸ் வரைக்கும் நடை மிச்சம். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் ஒரு பக்கம் ஆமை, மறுபக்கம் முயல் படம் போட்ட திருகு இருக்கும். கைப்பிடியின் நெம்புகோலை விட்டால் வண்டி தானாக நிற்கும். கூட்டத்திலும் பஸ் ஏறும்போதும் திருகை ஆமைப் பக்கம் வையுங்கள், முன்னால் போகிறவர் சொல்லாமல் நிற்பார். இரவு மறக்காமல் சார்ஜ் போடுங்கள். தலை மந்தமாக இருக்கும் நாளில் ஓட்ட வேண்டாம், அன்றைக்கு யாராவது தள்ளும் சக்கர நாற்காலிதான் சரி.

வரிசை

வரிசையில் நிற்காமல், குறித்த நேரத்துக்குத் திரும்பி வந்து ஏறவிடும் டிஏஎஸ் என்கிற சலுகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2024 முதல் அது முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. லைம் நோயாளிகளுக்குக் கிடைப்பது அரிது. கழிவறைக்கோ மருந்துக்கோ வரிசையிலிருந்து வெளியே போய்த் திரும்ப வேண்டுமென்றால், நிற்கத் தொடங்கும் முன்பே வாசலில் இருக்கும் ஊழியரிடம் சொல்லிக் கேளுங்கள்.

நிற்பதைக் குறைக்கப் பணம் கொடுத்து வாங்கும் லைட்னிங் லேன் மல்டி பாஸ்தான் உதவும். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் மூன்று ரைடுகளுக்கு நேரம் குறிக்கலாம். மூன்றையும் 11 மணிக்குள் வருமாறு, ஒரே பகுதியில் எடுங்கள். பார்க்கின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நேரம் குறித்தால் நிற்பதில் மிச்சப்பட்டது நடையில் போய்விடும்.

ரைடு விஷயத்தில் உடம்பில் எது வலிக்கிறதோ அதைப் பார்த்து முடிவெடுங்கள். கழுத்தும் தலையும் வலித்தால் குலுக்கும் ஸ்பேஸ் மவுண்டன், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் வேண்டாம். சுழலும் மிஷன் ஸ்பேஸ் ஆரஞ்சும் வேண்டாம். அமைதியானது போலத் தோன்றும் கிளிமஞ்சாரோ சஃபாரியிலும் வண்டி நன்றாகத் தூக்கிப் போடும். முழங்கால் வீங்கியிருந்தால் தாழ்ந்த இருக்கைகளிலிருந்து எழுவது கடினம், உடன் ஒருவர் கை கொடுக்க வேண்டும். கையில் பிக் லைன் (ரத்தநாளம் வழியாக மருந்து ஏற்றச் செருகிய மெல்லிய குழாய்) இருப்பவர்கள் உடம்பை நனைக்கும் ‘காலி ரிவர் ராபிட்ஸ்’, ‘டியானாஸ் பேயூ அட்வெஞ்சர்’ ரைடுகள், நீச்சல் குளம் மூன்றையும் விட்டுவிடுங்கள். முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்து கண் மூடாதவர்கள் கண்ணில் விடும் ஈரச் சொட்டும் கண்ணாடியும் இல்லாமல் வேகமான ரைடில் ஏறக் கூடாது.

உட்கார்ந்து குளிர்ந்த காற்று வாங்க நல்ல இடங்கள்: மேஜிக் கிங்டமில் கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ், சுமார் 20 நிமிடம். எப்காட்டில் லிவிங் வித் தி லேண்ட் படகு, 14 நிமிடம்.

பைக்குள்ளும் உதவி மையத்திலும்

மருந்து முழுவதும் கைப்பையில், மருந்துக்கடை லேபிளோடு. காரில் விட்டுவிடாதீர்கள், ஃப்ளோரிடாவில் மூடிய கார் அடுப்புதான். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர், தொடங்கிய தேதி, மருந்து, அளவு இருக்கட்டும். ஃப்ளோரிடாவில் லைம் அரிது, அங்குள்ள மருத்துவருக்கு உங்கள் நிலை சட்டென்று புரிய இது உதவும். குளிர்பெட்டியில் உதிரி ஐஸ் அனுமதி இல்லை, உறையவைத்த ஐஸ் பேக் கொண்டுபோகலாம். ஸ்கூட்டரையோ காரையோ நிறுத்தியதும் இடத்தைப் போட்டோ எடுத்துவிடுங்கள், மாலையில் மறந்துபோகும்.

ஒவ்வொரு பார்க்கிலும் முதலுதவி மையம் உண்டு, கட்டணம் கிடையாது. படுக்கக் கட்டில் தருவார்கள், குளிரில் வைக்க வேண்டிய மருந்தை வாங்கி வைப்பார்கள். மேஜிக் கிங்டமில் அது கிரிஸ்டல் பேலஸ் உணவகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, எப்காட்டில் ஒடிஸி கட்டடத்தில். உள்ளே நுழைந்ததும் அதைக் கண்டுபிடித்து வைத்துவிடுங்கள். முடியாமல் போன பிறகு தேடுவது கஷ்டம். சோடா இயந்திரம் உள்ள விரைவு உணவுக் கடைகளில் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, ஒழுங்கற்ற படபடப்பு, மூச்சுத்திணறல், புதிதாக முகம் கோணுவது, கழுத்து விறைப்போடு தலைவலி: இவற்றில் எது வந்தாலும் பக்கத்து ஊழியரிடம் சொல்லுங்கள் அல்லது 911 அழையுங்கள். ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராக வயிற்றுப்போக்கு என்றால் ஆண்டிபயாடிக்கால் வரும் குடல் தொற்றாக இருக்கலாம். போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

திரும்பும் விமானத்தைக் கடைசிப் பார்க் நாளன்று வைக்காதீர்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி இலவசம், டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். ஊர் வந்து சேர்ந்த மறுநாளும் லீவு போட்டு வையுங்கள். அன்று பாட்டிலில் மிச்சமுள்ள கேப்சூல்களை எண்ணிப் பாருங்கள். இருக்க வேண்டியதைவிட அதிகமிருந்தால் எத்தனை வேளை தவறியது என்று மருத்துவரிடம் சொல்லி, எத்தனை நாள் நீட்டிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.