டிங்கி: வார்டில் எத்தனை நாள்?

லயத்திலிருந்து ஆளைக் காரில் ஏற்றும்போதே வீட்டார் கேட்பது, "எத்தனை நாள் படுக்க வைப்பாங்க?" என்பதுதான். அதற்கு பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) எண் விடை சொல்லாது. காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, எப்போது இறங்கியது என்ற இரண்டும் தெரிந்தால் ஓரளவு கணக்குப் போடலாம்.

காய்ச்சல் கண்ட நாளை 1 என்று எழுதுங்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் 3 முதல் 7-ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற வேளையில் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ஞாயிறு காய்ச்சல், வியாழன் காலை சூடு இல்லை என்றால், வியாழனும் வெள்ளியும்தான் கவனிக்க வேண்டிய நாள்கள். சிக்கல் இல்லாவிட்டால் சனி, ஞாயிறு வாக்கில் வீடு. உடம்பு குளிர்ந்ததும் "சரியாயிடுச்சு" என்று செம்பனைக் காட்டுக்குக் கிளம்புவதுதான் பெரிய தப்பு.

வாரக் கடைசியையும் பாருங்கள். 4-ஆம் நாள் வெள்ளியில் விழுந்தால், சனி ஞாயிறு ரத்தம் எங்கே பார்ப்பது என்று கிளினிக்கில் அன்றைக்கே கேட்டு வையுங்கள். மூடிய கிளினிக்கை நம்பித் திங்கள்வரை காத்திருந்து, ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் வந்து சேர்கிறவருக்கு வார்டு நாள் கூடத்தான் செய்யும்.

வீட்டில் ஒரு நோட்டு போதும். மணி, சூடு, குடித்தது, வாந்தி, சிறுநீர் என்று ஐந்து கோடு. பெரியவர் ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர் குடிக்கலாம். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில். ஓ.ஆர்.எஸ், இளநீர், கஞ்சித் தண்ணீர், பார்லி எல்லாம் நல்லது. வெறும் தண்ணீரே போதும் என்று விட்டுவிடாதீர்கள். மைலோ, சிவப்பு சிரப் வேண்டாம். வாந்தி எடுத்தால் ரத்தமா, நிறமா என்று தெரியாது. பப்பாளி இலைச் சாற்றிலும் அதே தொல்லை: கசப்பில் வந்த வாந்தியா, நோயின் அபாய அறிகுறியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். பெரியவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, 6 மணி நேர இடைவெளியில். நாளுக்கு 8-ஐத் தாண்டக் கூடாது. சளி மருந்து சிலவற்றிலும் இதே மருந்து இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். டிங்கியில் ஈரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கலாம். பொன்ஸ்தான், புரூஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை, இடுப்பு ஊசி எதுவும் ஆகாது. ரத்தக் கசிவைக் கிளப்பும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வயிற்று வலி, நாளில் மூன்று முறைக்கு மேல் வாந்தி அல்லது பேதி, ஈறில் ரத்தம், சோர்ந்து தூங்குவது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று கண்டாலும் உடனே அவசரப் பிரிவு. கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், இனிப்பு நீர், சிறுநீரக நோய், உடல் பருமன் உள்ளவர் என்றால் இதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். முன்னதாகவே போய்க் காட்டுங்கள். இவர்களைத்தான் வார்டில் கூடுதல் நாள் வைப்பார்கள். முன்பே ஒருமுறை டிங்கி வந்திருந்தாலும் சொல்லுங்கள். இரண்டாவது தடவை கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

வார்டில் ரிப்போர்ட்டைப் பார்த்தால் பிளேட்லெட் "45" என்று இருக்கும். அது 45 ஆயிரம். அதைப் பார்த்து வெலவெலத்துப் போகிறவர்கள் பக்கத்தில் உள்ள ஹெமட்டோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை விழுக்காடு என்ற அளவை) கவனிப்பதில்லை. அது 40-லிருந்து 48 ஆனால் 20 விழுக்காடு ஏற்றம். நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது. எண் குறைந்ததற்காக மட்டும், ரத்தக் கசிவு இல்லாதபோது பொதுவாகப் பிளேட்லெட் ஏற்றுவதில்லை.

"இன்னொரு பாட்டில் டிரிப் போடுங்க" என்று தாதியை நச்சரிக்காதீர்கள். கசிவு நின்றதும் வெளியே போன நீர் ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். சனிக்கிழமை போக வேண்டியவர் அடுத்த வாரம்தான் போவார்.

மருந்து இல்லாமலே 48 மணி நேரம் காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது, ஹெமட்டோக்ரிட் நிலையாக இருக்கிறது, பிளேட்லெட் ஏற ஆரம்பித்துவிட்டது என்றால் பொதுவாக அனுப்பிவிடுவார்கள். பிளேட்லெட் முழுசாக ஏறும்வரை படுத்திருக்க வேண்டியதில்லை. கிளம்புமுன் எம்.சி. (வேலைக்குக் காட்டும் மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டு வாங்குங்கள், அடுத்த ரத்தப் பரிசோதனை தேதியையும் சேர்த்து. அசதி இன்னும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும், ஒரு காகிதத்துக்காகத் திரும்பவும் டவுனுக்கு வர உடம்பு இடம் கொடுக்காது.