பி.எஸ்.பி. பந்தய விளையாட்டுகளைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பி.எஸ்.பி.யின் யு.எம்.டி. வட்டு ஒன்று 1.8 ஜி.பி. வரை கொள்ளும் என்பதால், கைப்பேசியில் பிபிஎஸ்எஸ்பிபி (பி.எஸ்.பி. விளையாட்டுகளை ஓட்டும் செயலி) வைத்து நான்கைந்து பந்தய விளையாட்டுகளை ஆட விரும்புபவர் வட்டின் முழு நகலான ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சி.எஸ்.ஓ. என்ற சிறிய வடிவமாகச் சுருக்க முனைவது இயல்பே. இதில் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மூலக் கோப்பை அவசரப்பட்டு அழித்தல்

உறவுக்காரத் தம்பி ஒருவர், கணினியில் சுருக்கிய கோப்பை மெமரி கார்டுக்கு மாற்றி, முதல் பந்தயம் ஓடியதைப் பார்த்ததுமே கணினியிலிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டார். பல பந்தயங்கள் வென்று புதிய தடம் ஒன்று திறந்தபோது லோடிங் திரை அப்படியே நின்றது. எத்தனை முறை தொடங்கினாலும் அதே தடத்தில் அதே இடத்தில் நின்றது. வட்டு வீட்டில் இருந்தும் பயனில்லை. அதைப் படிக்கக்கூடிய பி.எஸ்.பி.யை அதற்குள் விற்றுவிட்டிருந்தார்.

சி.எஸ்.ஓ. முழு வட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்லை. பெரும்பாலும் 2,048 பைட் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்கி, எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கோப்பின் தொடக்கத்தில் வைக்கிறது. எனவே நகலெடுக்கும்போது பிற்பகுதி சேதமடைந்தாலும் விளையாட்டு தடையின்றித் திறக்கும். பழுதான துண்டிலுள்ள தடத்தைக் கேட்கும் அன்றுதான் குட்டு வெளிப்படும். பந்தய விளையாட்டுகளில் பிந்தைய தடங்கள் பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகே கிடைப்பதால், மெனு திறந்ததையே சான்றாகக் கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

கார்டில் சேர்ந்த சி.எஸ்.ஓ.வைக் கணினியில் மேக்ஸ்சிஎஸ்ஓ என்ற நிரல் கொண்டு மீண்டும் ஐ.எஸ்.ஓ.வாக விரித்து, அதன் எஸ்.எச்.ஏ.-1 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) மூலக் கோப்பின் மதிப்போடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் மூலத்தைத் தொடாதீர்கள்.

இசையையும் காணொளியையும் வெட்டுதல்

ஏ.டி.3 இசைக் கோப்புகளும் பி.எம்.எஃப். காணொளிகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால், சி.எஸ்.ஓ.வாக மாற்றினாலும் அவை பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே அவற்றை நீக்கிவிட்டு ஐ.எஸ்.ஓ.வை மறுபடி கட்டுகிறார்கள். சில விளையாட்டுகள் கோப்பைப் பெயரால் தேடாமல் செக்டர் எண்ணால் (வட்டில் அது இருக்கும் இடத்தின் எண்) தேடுவதால், ஒரு கோப்பு இடம் மாறினாலே பந்தயம் தொடங்குமுன் உறைந்துவிடும்.

ஜிப் செய்து வைத்தல்

விரித்தால்தான் ஆட முடியும், இடம் மிஞ்சாது.

சி.எச்.டி.க்குத் தவறான கட்டளை

பிபிஎஸ்எஸ்பிபி 1.17 முதல் சி.எச்.டி. என்ற இன்னொரு சுருக்க வடிவத்தையும் ஏற்கிறது; அதை உருவாக்கும் சிஎச்டிமேன் நிரலில் ‘கிரியேட்-டிவிடி’ (createdvd) கட்டளையைக் கொடுங்கள், ‘கிரியேட்-சிடி’ (createcd) வேண்டாம்.